இலையைப் பார்க்கிற கண்

கல்லங்குறிச்சிக் கொல்லையில் நின்ற புளிச்சையைப் பார்த்து, 'என்னங்க, கஞ்சாவா?' என்று மிரண்டார் வெளியூர் நண்பர். மதியம் அதையேதான் கடைந்து போட்டோம். விரல்விரலாகப் பிளந்த இலை. அந்தச் சாயலை வைத்துத்தான் லின்னேயஸும் புளிச்சைக்குக் 'கன்னாபினஸ்' என்று பெயர் வைத்தார். இலையைக் கொண்டு செடியைத் தீர்மானிக்கிற இந்தக் கண் அப்பாவியானதல்ல. அதற்கொரு வரலாறு இருக்கிறது.

1753ல் லின்னேயஸ் 'சட்டைவா' என்றது ஐரோப்பாவில் நாருக்காகப் பயிரான செடியை. 1785ல் லமார்க், சொன்னெரா இந்தியாவிலிருந்து கொண்டுபோன செடிகளை வைத்து 'இண்டிகா' என்று தனி இனம் பிரித்தார். ஒடுங்கிய இலை, கெட்டித் தண்டு, மெல்லிய பட்டை, கடும் மணம். நாருக்கு உதவாது, போதைக்கு ஆகும். ஐரோப்பாவுக்குக் கயிறு, இந்தியாவுக்குப் போதை: கீழைத்தேயம் பற்றிய சொல்லாடல் தாவரவியலுக்குள்ளும் வேர்விட்டது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1974ல் ஷுல்ட்ஸ் குழுவினர் ஆப்கானிஸ்தானத்தின் குட்டையான, அகன்ற இலைச் செடியை 'இண்டிகா' என்றார்கள். கலப்பினம் செய்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். இலை அகலமா, இண்டிகா, ஒடுக்கமா, சட்டைவா. லமார்க் கண்ட நம்மூர்ச் செடிக்கு விதைச் சந்தையில் இன்று 'சட்டைவா' என்று பேர்! 2015ல் கனடா ஆய்வாளர்கள் மரபணுவைச் சோதித்தபோது, இந்த லேபிள்களுக்கும் மரபு உறவுக்கும் பொருத்தம் குறைவென்று தெரிந்தது. வளர்ப்பாளர்கள் அந்தக் கண்ணையே ஏமாற்றவும் செய்தார்கள். 'டக்ஸ்ஃபுட்' வகையில் இலைவிரல்கள் வாத்துக்கால் மாதிரி ஒட்டியிருக்கும். பார்த்தவுடன் கஞ்சா என்று தோன்றாது.

இன்றைய வங்கதேசத்து நௌகாவ் குடியானவர்கள் பார்த்தது வேறு. ஆண் செடியைப் பூக்குமுன் கண்டுபிடித்துப் பிடுங்க 'போத்தார்' என்கிற கைதேர்ந்தவர்களை அவர்கள் அமர்த்தினார்கள் என்று 1893-94 கஞ்சாக் குழுவின் அறிக்கை சொல்கிறது. சரக்கு பூவில் இருக்கிறது என்பது அவர்கள் அறிவு.

1985ன் போதைப்பொருள் சட்டமும் எழுத்தளவில் பூவைத்தான் பார்க்கிறது. கஞ்சா என்றால் பூக்கும், காய்க்கும் நுனிகள். நுனியோடு சேராத இலையும் விதையும் சேராது. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு சிறை. மூட்டையில் இலை எவ்வளவு, நுனி எவ்வளவு, தராசில் ஏறியது எது என்பது ஒரு கூலி ஆளின் பத்து வருஷம். மனித உரிமை பேசுகிற நாம் வழக்கு மன்றத்தில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: 'இலையைப் பிரிச்சு நிறுத்தீங்களா?'