பொன்னுக்கு வீங்கி

பொன்னுக்கு வீங்கி (புட்டாளம்மை, தாளம்மை, இலங்கை வழக்கில் கூகைக்கட்டு) என்பது ஒருவகைத் தீநுண்மத்தால் ஏற்படும் தொற்றுநோய் ஆகும். காதுக்குக் கீழே தாடையை ஒட்டியுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஒருபுறமோ இருபுறமோ வீங்குவது இதன் முதன்மை அடையாளம். பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும் இந்நோய், உமிழ்நீர், இருமல், தும்மல் வழியாகப் பரவுகிறது.

பெயரும் வழக்கமும்

இந்நோய் கண்ட குழந்தையின் கழுத்தில் தங்கச் சங்கிலி அணிவித்தால் வீக்கம் வடியும் என்பது தமிழ்நாட்டில் நிலவும் நம்பிக்கை. வீக்கம் ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் தானாகவே வடிந்துவிடும் என்பதால், அப்பெருமை பொன்னுக்குப் போய்ச் சேர்கிறது. சங்கிலியால் தீங்கில்லை, அதை நம்பி மருத்துவரிடம் செல்லாதிருப்பதே தீங்கு.

அறிகுறிகள்

தொற்றியதிலிருந்து பொதுவாக 16 முதல் 18 நாட்களில் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, பசியின்மை ஆகியன தோன்றி, பின்னர் கன்னம் வீங்கும். சிலருக்கு அறிகுறி எதுவும் தோன்றாது. எனினும் அவர்களும் நோயைப் பரப்பக்கூடும்.

கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, தொடர் வாந்தி, மயக்கம் ஆகியவை மூளையுறை அழற்சியின் அறிகுறிகளாக இருக்கலாம். பருவமடைந்த ஆண்களுக்கு விரை வீக்கம் ஏற்படலாம். அரிதாகச் செவிப்புலன் நிலையாக இழக்கப்படுவதும் உண்டு. இவற்றுள் எது காணப்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பராமரிப்பு

இந்நோய்த் தீநுண்மத்தை அழிக்கும் மருந்து இல்லை. காய்ச்சலுக்கும் வலிக்கும் மருத்துவர் கூறும் அளவில் பாரசிட்டமால் தரலாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் தரலாகாது. கஞ்சி, குழைந்த சோறு போன்ற மென்மையான உணவும் நிறைய நீரும் ஏற்றவை. எலுமிச்சை, புளி முதலிய புளிப்புப் பொருட்கள் உமிழ்நீரைச் சுரக்கச் செய்து வலியைக் கூட்டும். வீக்கம் தோன்றியபின் ஐந்து நாட்கள் வரை குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது. ஆனால் வீக்கத்திற்கு ஓரிரு நாட்கள் முன்னரே நோய் பரவத் தொடங்கிவிடுவதால், தனிமைப்படுத்துவதால் மட்டும் பரவலைத் தடுக்க இயலாது.

தடுப்பூசி

அமெரிக்க அறிவியலாளர் மோரிஸ் ஹில்மன் 1963இல் தம் மகள் ஜெரில் லின்னின் தொண்டையிலிருந்து எடுத்த தீநுண்மத்தைக் கொண்டு உருவாக்கிய தடுப்பூசி 1967இல் உரிமம் பெற்றது. இலங்கை 2011இல் தட்டம்மை, ருபெல்லா ஆகியவற்றுடன் கூகைக்கட்டையும் தடுக்கும் முத்தடுப்பூசியைத் தன் தேசியத் திட்டத்தில் சேர்த்தது. இந்தியாவில் 2017 பெப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் தொடங்கிய இயக்கத்தில் இடப்பட்டது தட்டம்மை, ருபெல்லா இரண்டிற்கு மட்டுமான ஊசியாகும். அதனால் பொன்னுக்கு வீங்கியைத் தடுக்க இயலாது. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 9ஆம் மாதம், 15ஆம் மாதம், 4 முதல் 6 வயது என மூன்று தவணைகளாக முத்தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறது. குழந்தையின் தடுப்பூசி அட்டையில் பதிவாகியிருப்பது இவ்விரண்டில் எது என்பதைப் பெற்றோர் பார்த்துக்கொள்வது நல்லது.