கிணற்று நீரும் இறுகிய முதுகும்: எலும்பு ஃபுளோரோசிஸ் ஆய்வின் வரலாறு

எலும்பு தேய்வது நோய் என்று எல்லோரும் அறிவோம். எலும்பு அளவுக்கு மீறி வளர்வதும் ஒருவரை முடக்கிப்போடும். தென்னிந்தியாவில் அந்த முடக்கத்தின் காரணத்தைத் தேடிய ஆய்வு எக்ஸ்ரே படத்தில் தொடங்கிக் கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து உணவுத் தட்டுக்கும், கடைசியில் அணைக்கட்டுக்கும் போயிற்று. இந்த வழித்தடத்தைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு ஒவ்வொரு கட்டத்திலும் விரிந்துகொண்டே போனது. தடுப்புப் பணி மட்டும் ஒரே ஓர் எண்ணுக்குள் சுருங்கிவிட்டது என்பது என் கணிப்பு.

1932இல் கோபன்ஹேகனில் மொல்லர், குட்யோன்சன் என்ற இரு மருத்துவர்கள் கிரையோலைட் ஆலைத் தொழிலாளர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தனர். கிரீன்லாந்திலிருந்து வந்த அந்தக் கனிமத்தை அரைக்கும்போது எழும் தூசி நுரையீரலைக் கெடுக்கிறதா என்பதே அவர்களின் கேள்வி. படங்களில் தெரிந்ததோ, இயல்பைவிட அடர்ந்து வெளுத்த எலும்புகள். கிரையோலைட்டில் ஃபுளோரின் உண்டு. காய் ரோஹோல்ம் 68 தொழிலாளர்களை விரிவாக ஆராய்ந்து, 1937இல் வெளியிட்ட நூலில் இந்த எலும்பு மாற்றங்களை மூன்று படிநிலைகளாக வகுத்தார். அப்போது இது ஆலைத் தொழிலாளர் நோய்.

அதே 1937இல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்வு, ஆலையே இல்லாத ஊர்களிலும் கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடால் இந்நோய் வருவதைக் காட்டியது. கிண்டி கிங் நிறுவனத்தின் ஹென்றி ஷார்ட், மருத்துவப் பேராசிரியர் மெக்ராபர்ட், கதிரியலாளர் பர்னார்ட், மன்னாடி நாயர் ஆகியோர் இணைந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதிய கட்டுரை அது. பர்னார்டின் பெயரைத் தாங்கிய கதிரியல் நிலையம் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1934இல்தான் திறக்கப்பட்டிருந்தது. அந்த வசதி இந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரிதும் உதவியிருக்க வேண்டும். நோயாளிகள் அன்றைய நெல்லூர் மாவட்டத்தின் வறண்ட உட்பகுதிகளைச் சேர்ந்தவர்கள். பொதிலி, தர்சி, கனிகிரி வட்டாரம் அது. உழவு மாடுகள் மூட்டு இறுகி நடக்க முடியாமல் போவதை அவ்வூர் உழவர்கள் மருத்துவர்களுக்கு முன்பே கவனித்திருந்தார்கள்.

நோயின் போக்கு மெதுவானது. முதலில் கைகால்களில் ஊர்வதுபோன்ற மதமதப்பு. பிறகு இடுப்பில் வலியும் விறைப்பும். விறைப்பு முதுகுத்தண்டு வழியே மேலேறி, கடைசியில் தண்டு முழுதும் ஒரே எலும்புத் தூணாக இறுகிவிடுகிறது. ஃபுளோரைடு எலும்பைக் கட்டும் உயிரணுக்களைத் தூண்டுகிறது. எலும்பின் கனிமப் படிகத்திலும் புகுந்து அதை எளிதில் கரையாததாக்குகிறது. கட்டுவது கூடுகிறது, கரைப்பது குறைகிறது. எலும்பு தடிப்பதோடு நிற்பதில்லை: தசைநார்களும் சவ்வுகளும்கூடச் சுண்ணாம்பேறி எலும்பாகின்றன. முன்கையின் இரு எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வு இப்படி இறுகியிருப்பதை எக்ஸ்ரேயில் கண்டால், இந்நோயை உறுதிசெய்ய அது வலுவான சான்று. முதுகு இறுகும் வேறு நோய்களும் உண்டு என்பதால் இந்த அடையாளத்துக்கு மதிப்பு அதிகம். 1950இல் ஃபாரஸ்டியே பிரான்சில் விவரித்த முதுமைக்கால முதுகெலும்பு மிகைவளர்ச்சி அவற்றில் ஒன்று.

1940இல் சி. ஜி. பண்டிட்டும் ராகவாச்சாரி முதலானோரும் வெளியிட்ட தொடர் ஆய்வுதான் இந்த வரலாற்றின் மிக முக்கியமான கட்டம் என்பேன். ஃபுளோரைடால் குழந்தைகளுக்கு வரும் பற்கறையையும் பெரியவர்களின் எலும்பு முடக்கத்தையும் அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். நோயின் கடுமையை நீரிலுள்ள ஃபுளோரைடு அளவு மட்டும் விளக்கவில்லை. ஊட்டமில்லாத உணவு உண்டவர்களிடம் முடக்கம் கடுமையாக இருந்தது. ஏழைகளின் எலும்பே முதலில் இறுகுகிறது என்ற உண்மை அன்றே பதிவாகிவிட்டது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் நோயின் நிலப்பரப்பு விரிந்தது. 1955இல் நல்கொண்டாவிலிருந்து சித்திக்கி எழுதினார். 1960களின் தொடக்கத்தில் பஞ்சாபில் அமர் சிங், ஜாலி குழுவினர், மிகுந்து வளர்ந்த எலும்பு தண்டுவடத்தை நெரித்துக் கைகால்களைச் செயலிழக்கச் செய்வதை விரிவாக ஆவணப்படுத்தினர்.

1973இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும் லான்செட் இதழில் எழுதியது எதிர்பாராத செய்தி. ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் இளவயதினருக்கு முழங்கால்கள் உள்நோக்கி வளைந்திருந்தன; கைகால் எலும்புகள் தடிக்காமல் மெலிந்திருந்தன. பாதிக்கப்பட்டவர்களின் முதன்மை உணவு சோளம். அதில் மாலிப்டினம் கூடுதலாக இருந்ததையும் உடலில் தாமிரத்தின் நிலை பாதிக்கப்பட்டிருந்ததையும் அந்த வழியில் நடந்த ஆய்வு சுட்டியது. நாகார்ஜுனசாகர் நீர்த்தேக்கத்துக்குப் பிறகு நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, மண்ணின் காரத்தன்மை மாறி, பயிருக்குள் போகும் கனிமங்களும் மாறியிருக்கலாம் என்று அவர்கள் கருதினர். வயலுக்கு நீர் தர எழுந்த அணையை ஒரு குழந்தையின் காலோடு இணைத்துப் பார்க்கும் துணிவு அந்த ஆய்வாளர்களுக்கு இருந்தது. அதே ஆண்டுகளில் மீரட்டில் தியோத்தியா தம்பதியர், சுண்ணாம்புச்சத்துக் குறைவு சேரும்போது பாராதைராய்டு சுரப்பி மிகையாக இயங்கி நோயைச் சிக்கலாக்குவதைக் காட்டினர்.

ஃபுளோரைடு எலும்பை வளர்க்கிறது என்றால் எலும்புத் தேய்வுக்கு அதையே மருந்தாக்கலாமே என்ற எண்ணம் 1960களில் மேலைநாடுகளில் எழுந்தது. மேயோ மருத்துவமனையில் ரிக்ஸ் குழுவினர் மாதவிடாய் நின்ற 202 பெண்களிடம் நான்காண்டுச் சோதனை நடத்தி, 1990இல் முடிவை வெளியிட்டனர். நாளுக்கு 75 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடு பெற்றவர்களின் இடுப்பு முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் உயர்ந்தது. ஆனால் முதுகெலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவு கூடியது. அடர்த்தி வேறு, வலிமை வேறு என்பது அங்கே ஐயமின்றித் தெரிந்தது. நெல்லூர் உழவரின் தடித்த எலும்பு ஏன் அவருக்கு உதவவில்லை என்பதற்கும் இதில் விடை உண்டு.

தடுப்புப் பணியில், 1970களில் நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் (நீரி) படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு ஃபுளோரைடை நீக்கும் நல்கொண்டா முறையை உருவாக்கியது. தமிழ்நாட்டில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியுடன் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. இவை பெரும் பணிகள். ஆனால் நம் கவனம் முழுதும் லிட்டருக்கு 1 மில்லிகிராம், மாற்று இல்லாவிட்டால் 1.5 மில்லிகிராம் என்ற தரநிலையிலேயே நின்றுவிட்டது. குழாய் நீர் தவறும் நாளில் மக்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றுக்கே போகிறார்கள். பாலும் கீரையும் கிடைக்காத வீட்டில் அந்த எண்ணின் பாதுகாப்பு குறைவு. இதை 1940லேயே பண்டிட் குழுவின் ஆய்வு உணர்த்தியும், ஊட்டச்சத்துத் திட்டமும் குடிநீர்த் திட்டமும் இன்றும் தனித்தனித் துறைகளின் கோப்புகளில் கிடப்பது சரியல்ல.

எலும்பில் ஏறிய ஃபுளோரைடு வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும். இறுகிய முதுகைத் தளர்த்த மருந்து இல்லை. ஆகவே தருமபுரிப் பக்கத்திலிருந்து குனிய முடியாமல் ஒருவர் வந்தால், வாதம் என்று வலி மாத்திரை எழுதும் முன் அவரது முன்கையை ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். எந்தக் கிணற்று நீரை எத்தனை ஆண்டு குடித்தார், வீட்டில் பால் வாங்குகிறார்களா என்றும் கேளுங்கள். அவர் வீட்டுப் பிள்ளைகளின் பற்களையும் பாருங்கள். அவர்களைக் காப்பாற்ற இன்னும் நேரமிருக்கிறது.