துணி என்னும் சொல்

நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் மிக எளியது 'துணி'. துணித்தல் என்றால் அறுத்தல். அறுக்கப்பட்டது எதுவோ அதுவே துணி. துண்டு என்பதும் அவ்வாறே. பழந்தமிழில் ஆடைக்கு வழங்கிய 'அறுவை' என்னும் பெயரும் அறு என்னும் வினையிற் பிறந்ததே. சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அவர் விற்றது ஆடை. வேட்டி என்பதை வெட்டு என்பதனோடு பொருத்துவோர் உளர். சுற்றுதல் என்னும் பொருளுடைய வடசொல்லின் திரிபு என்பாரும் உளர்.

ஆடையை ஏன் அறுப்பின் பெயரால் அழைத்தனர்? விடை தறியில் இருக்கிறது. நெய்பவன் பாவினை நீளமாக ஓட்டி, ஊடை கோத்து, நெய்து முடித்தபின் அறுத்தெடுக்கிறான். அறுத்தாலன்றி அது உடையாவதில்லை. ஆகவே இச்சொற்கள் உடுத்தவனின் பார்வையிலன்றி, உழைத்தவனின் பார்வையிற் பிறந்தவை என்று கொள்ளலாம்.

இதற்கு மாறானது 'கலிங்கம்'. கலிங்க நாட்டின் பெயரே அங்கிருந்து வந்த ஆடைக்கு ஆகி, பின்னர் உயர்ந்த ஆடைகளுக்குப் பொதுப்பெயராயிற்று. வாணிகம் தந்த அச்சொல் இன்று ஏட்டில் மட்டுமே உள்ளது. தறி தந்த துணியோ மக்கள் நாவில் வாழ்கின்றது.

சொல் எல்லாருக்கும் பொதுவாயிற்று, பொருள் பொதுவாயிற்றா? திருவிதாங்கூரில் சாணார் குலப் பெண்கள் மார்பை மறைப்பதே குற்றமெனப்பட்டது. 1814 இல் கிறித்தவராகியோர் குப்பாயம் அணியலாம் என்று ஆணை பிறந்தது; ஆயினும் உயர்சாதிப் பெண்கள் இட்ட மேற்சீலை அவர்களுக்கு 1829 இல் மீண்டும் தடுக்கப்பட்டது. சந்தைகளிலே பெண்களின் ஆடைகள் கிழிக்கப்பட்டன. கிளர்ச்சி ஓயவில்லை. 1859 இல் சென்னை ஆளுநர் திரெவெலியனின் வற்புறுத்தலுக்குப் பின்னரே மேனியை மறைக்கும் உரிமை ஏற்கப்பட்டது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தல் ஆகாது என்ற விலக்கு நீங்கவில்லை.

நம் யாழ்ப்பாணமும் இதற்குப் புறம்பன்று. தோளிற் கிடந்த சால்வையை மேற்சாதியார்முன் இறக்கி இடுப்பிற் கட்டிய மனிதரை நம் ஊர்கள் கண்டிருக்கின்றன. ஒரு முழத் துண்டு தோளில் இருப்பதா, இடுப்பில் இருப்பதா என்பதிலே ஒரு சமுதாயத்தின் அதிகாரம் முழுவதும் அடங்கியிருந்தது. அத்துண்டை நெய்தவனும், வெளுத்துத் தந்தவனும்கூட அதைத் தம் விருப்பப்படி அணிய இயலாதிருந்தனர் என்பதே இவ்வரலாற்றின் கொடுமை.

துணி என்னும் வினைக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஐயத்தை அறுத்து ஒரு முடிவுக்கு வருதலும் துணிதலே. துணிவு என்னும் சொல் அதன்வழி வந்தது. தறியில் அறுத்தெடுத்த துணியைத் தம் தோளில் இட்டுக்கொள்ள ஒரு மக்கட்கூட்டம் தலைமுறை தலைமுறையாகத் துணிய வேண்டியிருந்தது. மாணவர்க்குச் சொற்பிறப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்தே கற்பிப்பாராக.