பின்னாடி உக்கார்ந்து வந்தவங்க

வண்டிகளோட வரலாறு என்று யார் எழுதினாலும் எஞ்சின் எத்தனை சிசி, மைலேஜ் எவ்வளவு, என்ன விலைக்கு வந்தது என்றுதான் போகும். எல்லாமே ஓட்டுகிறவர் பக்கத்துக் கதை. பின்னாடி உக்கார்ந்து வந்தவரைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஆனா பாருங்க, எங்க பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டில் வண்டி வாங்குவதே பின்னாடி இன்னொருத்தர் உக்காரத்தான். ஆத்தாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், பையனைப் பள்ளிக்கூடத்துல விடணும், அம்மிணியோட ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வரணும். அதனால இந்தப் பதிவு முழுக்க பின்சீட்டுக்காரங்களுக்கு.

முதலில் மாட்டு வண்டி. வில்வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளத்தை விரித்து உக்கார வைப்பார்கள். இரண்டே சக்கரம் என்பதால் பாரம் சரியா இருக்கணும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி, மாட்டின் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். முன்பாரம் ஏறினால் கழுத்தில் அழுத்தும். அதனாலதான் வண்டிக்காரர் "சித்தே முன்னாடி தள்ளி உக்காருங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே வருவார். இதில் ஒரு விஷயம் இருக்கு. பின்னால் இருப்பவரை மறந்துவிட்டு மாட்டு வண்டி ஓட்டவே முடியாது. மறந்தால் மாடே சொல்லிவிடும். மோட்டார் வந்த பிறகுதான் முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவரை மறக்க முடிந்தது.

மோட்டார் என்றால் எங்க ஊரில் ஜி.டி.நாயுடுவை விட்டுவிட்டு எழுத முடியாது. 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவரே ஓட்டினார். அதுதான் பிறகு யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. அதே நாயுடு பின்னாளில் இரண்டாயிரம் ரூபாய் விலையில் ஒரு சின்னக் கார் செய்தார், சர்க்கார் அனுமதி கிடைக்காமல் அது நின்று போனது என்பது கோயமுத்தூர்க்காரர்கள் அடிக்கடி சொல்லும் கதை. அந்தக் காரில் இரண்டே சீட்டு. பின்சீட்டே கிடையாது! நம்ம ஊர்க் குடும்பம் இரண்டு பேரோடு நிற்குமா என்ன? :-)

அடுத்தது சைக்கிள். கேரியரில் உக்கார்ந்து போன தலைமுறை நாங்க. பிடித்துக்கொள்ள சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்ப்ரிங்தான், அதில் விரல் நசுங்கும். கால் வைக்க இடம் கிடையாது, தொங்கப் போடணும். தூக்கம் வந்த குழந்தையின் குதிகால் சக்கரக் கம்பிக்குள் போய்க் கிழிந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய கதை எல்லா ஊரிலும் இருக்கும். கேரியர் என்பது சாமான் வைக்கச் செய்தது. மனுசங்க உக்கார்ந்தது நம்ம ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டை ஒரு கம்பெனி கவனித்தது 1980-இல். அந்த வருஷம் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இந்தியாவின் முதல் இரண்டு பேர் உக்காரும் மொபெட் அதுதான். அதற்கு முன்பே, 1972-இல், புனேயிலிருந்து லூனா வந்துவிட்டது. ஆனாலும் பின்னால் ஒரு ஆள் உக்காரலாம் என்பதை முன்னிறுத்தி வந்தது டிவிஎஸ் 50. எங்க பக்கத்து விவசாயி அதை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். காலையில் பால் கேன், மத்தியானம் புல்லுக்கட்டு, சாயங்காலம் வீட்டுக்காரம்மா. எல்லாம் அதே இடத்தில். அந்தக் குடும்பத்தின் இன்றைய வாரிசான எக்ஸ்எல் 100-இல் பின்சீட்டைக் கழற்றிக்கொள்ளவே வழி உண்டு. சீட்டைக் கழற்றினால் மூட்டை, மாட்டினால் மனுசி.

சேலை கட்டினவங்க ஒரு பக்கமா உக்கார்ந்து வருவது நம்ம நாட்டு வழக்கம். முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் ஆளையே கீழே இழுத்துவிடும். இதற்கு நம்ம நாட்டு விடை 'சாரி கார்டு'. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதியைப் படித்துப் பாருங்க. ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள நிலையான கைப்பிடி, கால் வைக்கும் படி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் ஒரு தடுப்பு ஆகியவை தயாரிக்கும்போதே இருக்கணும். காரணத்தையும் விதியே சொல்கிறது: பின்னால் இருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்க. எத்தனையோ லட்ச ரூபாய் வெளிநாட்டு பைக்காக இருந்தாலும் இங்கே விற்கணும் என்றால் இதை மாட்டித்தான் ஆகணும். பின்சீட்டுக்காரரை மட்டுமே மனசில் வைத்து எழுதிய விதி என்று எனக்குத் தெரிந்து முதலில் சொல்லக்கூடியது இதுதான். நம்ம பசங்க என்ன செய்யறாங்க? வண்டி எடுத்த மறுநாளே "லுக்கு போச்சு" என்று அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

ஹெல்மெட் கதை இன்னும் மோசம். 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஓட்டுபவர், உடன் வருபவர் இருவருக்குமே பொது. ஆனாலும் பின்னால் இருப்பவரும் போட்டே ஆகணும் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி தமிழ்நாட்டில் கறாராக அமலுக்கு வந்தது 2015 ஜூலை 1-இல். இடையில் 27 வருஷம். நாலு வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும், நாற்பது கிலோமீட்டர் வேக வரம்பும் வேண்டும் என்ற விதி 2022-இல் வெளியாகி 2023 பிப்ரவரியில்தான் அமலுக்கு வந்தது. ஓட்டுகிறவருக்கு முதலில், பின்னால் இருக்கும் பெரியவருக்கு அப்புறம், குழந்தைக்குக் கடைசி. இந்த வரிசையை ஞாபகம் வச்சுக்கங்க, காருக்கும் இதே கதைதான்.

1983 டிசம்பர் 14-இல் முதல் மாருதி 800-இன் சாவி டில்லியில் கைமாறியது. அகலம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. அம்பாசடரில் சம்மணம் போட்டு உக்கார்ந்து பழகிய சனம் இதில் பின்னால் மூன்று பேர், மடியில் இரண்டு பேர் என்று ஏறியது. சின்னக் கார்களில் பின்சீட்டு ஏறக்குறைய பின்சக்கரத்துக்கு மேலேயே வந்துவிடும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருப்பவருக்குக் குலுக்கல் குறைவு, சக்கரத்து மேல் இருப்பவருக்கு முழுசாக வரும். பஸ்ஸில் கடைசி வரிசை தூக்கிப் போடுமே, அதே கணக்கு. வால்பாறை போகும் நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருவது பெரும்பாலும் பின்சீட்டுதான். முன்னால் இருப்பவருக்கு ரோடு தெரியும், எந்தப் பக்கம் திரும்பும் என்று உடம்பு முன்கூட்டியே தயாராகும். பின்னால் இருப்பவருக்கு முன்சீட்டின் முதுகுதான் தெரியும்.

1984-இல் வந்த மாருதி வேன், அதாவது ஆம்னி, இன்னும் குறுகல். எதிரெதிர் சீட்டு போட்டு எத்தனை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அடைத்துப் போயிருக்கும் என்று கணக்கே இல்லை. புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2019-இல் அதன் தயாரிப்பு நின்றது. 2008 ஜனவரியில் காட்டப்பட்ட டாடா நானோவோ, ஸ்கூட்டரில் நாலு பேராகப் போகும் குடும்பத்தைப் பார்த்து ரத்தன் டாடாவுக்குத் தோன்றிய யோசனை. உண்மையிலேயே பின்சீட்டுக்காரர்களுக்காகப் பிறந்த கார்! எஞ்சினைப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளியதால் உள்ளே கால் நீட்ட இடம் தாராளம். ஆனால் 2014-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அதற்குக் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். மழையிலிருந்து காப்பாற்றிய கார் மோதலிலிருந்து காப்பாற்றவில்லை. 2018-இல் அதுவும் நின்றது.

இது நம்ம ஊர்க் குறை மட்டும் இல்லீங்க. ஜெர்மனியில் 1950-களில் மெசர்ஸ்மிட் என்று மூன்று சக்கரக் குட்டிக் கார் இருந்தது. ஒருவர் பின் ஒருவராக உக்காரணும், பின்னால் இருப்பவர் முன்சீட்டின் இரண்டு பக்கமும் காலை நீட்டிக்கொள்ளணும். அதே அமைப்பில் 2012-இல் வந்த ரெனோ ட்விஸியில் காற்றுப்பை உண்டு. ஒன்றே ஒன்று, ஓட்டுபவருக்கு மட்டும். மூன்று முனை சீட் பெல்ட்டை வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் 1959-இல் கொண்டுவந்தபோது அது வந்தது முன்சீட்டுக்கு. இங்கிலாந்தில் முன்சீட்டில் பெல்ட் கட்டாயமானது 1983-இல். பின்சீட்டில் குழந்தைகளுக்கு 1989, பெரியவர்களுக்கு 1991. நம்ம நாட்டில் ஓட்டுபவருக்குக் காற்றுப்பை கட்டாயம் 2019-இல், பக்கத்தில் இருப்பவருக்கு 2021-இல். பின்னால்? ஆறு காற்றுப்பை கட்டாயம் என்று பேச்சு வந்து, 2023-இல் கட்டாயம் இல்லை என்று முடிந்தது. 2025-இல் ஆல்ட்டோ கே10 மாதிரி சின்னக் காரிலேயே ஆறு பை வந்தது நல்ல செய்தி. ஆனா ரோட்டில் ஓடும் பழைய கார்களுக்கு அது வராதே.

அந்தப் பழைய கார்களில் பலவற்றிலும் பின்சீட்டு பெல்ட் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் செருகி, மேலே உறை போட்டு மறைத்திருப்போம். "முன்னாடி சீட்டு இருக்குதே, எங்க போயி விழப் போறோம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், பெல்ட் போடாதவர் அதே அறுபதில் போய் முன்சீட்டில் மோதுவார். அந்த வேகம் ஏறக்குறைய 46 அடி உயரத்திலிருந்து கீழே விழும் வேகம். நல்லா வளர்ந்த நாட்டுத் தென்னையின் உச்சி. பொள்ளாச்சிக்காரனுக்கு இதைவிட விளக்கமா எப்படிச் சொல்வது? விழுகிறவர் தன்னோடு முன்சீட்டில் இருப்பவரையும் நசுக்குவார். நாலு வழியாக அகலமான கோவை ரோட்டில் இப்போ யாரும் அறுபதில் போவதும் இல்லை.

2022 செப்டம்பர் 4-இல் மகாராஷ்டிரத்தில் பால்கர் பக்கம் சைரஸ் மிஸ்திரி போன கார் பாலத்துச் சுவரில் மோதியது. சின்னக் கார் இல்லை, பெரிய மெர்சிடஸ். முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. இருவருமே இறந்தார்கள். பின்சீட்டிலும் பெல்ட் போடணும் என்று மோட்டார் வாகன விதிகளின் 138-ஆம் விதி அதற்கு ரொம்ப நாள் முன்பிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நாம்தான் அதைக் கேட்கவில்லை.

நம்ம வீட்டில் பின்சீட்டில் உக்கார்வது யார் என்று யோசித்துப் பாருங்க. ஆத்தா, அமுச்சி, வீட்டுக்காரி, குழந்தைகள். வண்டி வாங்கும்போது அவர்களைக் கேட்டு வாங்குவதில்லை. விதி எழுதியவர்களுக்கும் அவர்கள் கடைசியாகத்தான் ஞாபகம் வந்தார்கள். அதனால் கம்பெனியும் சர்க்காரும் செய்யும்வரை காத்திருக்காமல் இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. காரின் பின்சீட்டு உறையைத் தூக்கி, அடியில் கிடக்கும் பெல்ட்டை வெளியே எடுத்து, கொக்கி மாட்டுகிறதா என்று பாருங்க. பரணில் கிடக்கும் சாரி கார்டை பைக்கில் மறுபடி மாட்டுங்க. இரண்டாவதா ஒரு ஹெல்மெட், ஐ.எஸ்.ஐ. முத்திரையோட, பின்னாடி உக்கார்றவங்க தலை அளவுக்கு வாங்குங்க. அளவு பார்க்க அவங்களையும் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க.