எரிபொருள் குழாய்ப் பழுது

மோட்டார் வாகனத்தின் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலையோ டீசலையோ கொண்டுசெல்லும் குழாய்த் தொடருக்கு எரிபொருள் குழாய் என்று பெயர். காரின் அடிப்பாகத்தில் நெடுக ஓடும் பகுதி எஃகினாலும், பிற்கால வண்டிகளில் பெரும்பாலும் நைலானாலும் ஆனது. அதிர்ந்துகொண்டேயிருக்கும் எஞ்சினை அசையாத குழாயோடு சேர்க்க வேண்டிய இடங்களில் மட்டும், உள்ளே நூலிழை பொதிந்த ரப்பர் ஹோஸ் வருகிறது. கார்புரேட்டர் உள்ள மோட்டார் சைக்கிளிலோ, தொட்டி மேலே இருப்பதால், பெட்ரோல் டேப்பிலிருந்து இறங்கும் சாண் நீள டியூப் ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

எஃகுக் குழாய்க்கு விரோதி துரு. மழைநீரும் சேறும் தேங்கி நிற்கும் கிளாம்ப்புகளின் அடியிலேதான் அது பெரும்பாலும் ஆரம்பிக்கிறது; கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அதை விரைவுபடுத்துகிறது. ரப்பரோ எஞ்சின் சூட்டில் இறுகி வெடிக்கிறது, அல்லது எலியின் பல்லுக்கு இரையாகிறது. 2023 முதல் இந்தியாவில் பரவிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரை ஊறிப் பருக்கச் செய்யக்கூடும்.

ஒழுக்கு எப்போதும் வெளியே சொட்டும் என்று எதிர்பார்க்கலாகாது. எஞ்சினோடு பொருத்திய பம்ப் தொட்டியிலிருந்து எரிபொருளை உறிஞ்சி இழுக்கும் பழைய கார்களில், இடையிலே துளை விழுந்தால் எரிபொருள் வெளியேறுவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே புகுந்துவிடுவதால், தரையில் ஒரு துளி ஈரமும் இன்றி வண்டி மேட்டில் திணறி நிற்கும். டீசல் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். இந்த விஷயம் தெரியாமல் நல்ல பம்பைக் கழற்றி எறிந்து புதிது வாங்கியவர்கள் பலர்.

செலவைக் குறைக்கும் வழி, மாற்றும் நீளத்தைக் குறைப்பதில் இருக்கிறது. துருப்பிடித்த ஓரடியை மட்டும் டியூப் கட்டரால் அறுத்தெடுத்து, எஞ்சிய முனைகளில் மெல்லிய விளிம்பு எழுப்பி, இருபுறமும் ஓர் அங்குலமாவது ஏறும்படி தகுந்த ஹோஸைச் செருகிக் கிளிப் முடுக்கினால், குறைந்த அழுத்தமுள்ள கார்புரேட்டர் வண்டிக்கு அது போதுமான பரிகாரமாகும். குழாய் முழுவதையும் மாற்ற நேர்ந்தால், செம்பும் நிக்கலும் கலந்த உலோகக் குழாயைச் சுருளாக வாங்கிப் பழைய குழாயையே மாதிரியாக வைத்து வளைத்துக்கொள்ளலாம். தனிச் செம்பு, அதிர்வினால் நாளடைவில் இறுகி விரிசல் விடும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் உலோகக் குழாயை நன்கு பரிசோதித்து வாங்குவதில் தவறில்லை. ஆனால் பழைய ரப்பர் ஹோஸை எந்த விலைக்கும் வாங்கலாகாது.

கொத்தனார் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் டியூபைப் பெட்ரோலுக்கு மாட்டுவது நம்மிடையே உள்ள கெட்ட வழக்கம். பெட்ரோல் அதன் மென்மைக்குக் காரணமான பொருளைக் கரைத்தெடுத்துவிடுவதால், சில மாதங்களில் அது மஞ்சளித்துக் கட்டையாகி முறிகிறது. ஒழுகும் தொட்டியில் சோப்பை அழுத்தித் தேய்ப்பதும், எம்-சீல் அப்புவதும் ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்வரைக்குமான தற்காலிக உபாயங்களே.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளின் நிலை வேறு. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் இருசக்கர வண்டிகளிலும் பெரும்பாலும் இம்முறையே இருக்கிறது. இங்கே குழாயிலுள்ள அழுத்தம் பொதுவாகக் கார் டயரில் உள்ளதைக் காட்டிலும் அதிகம்; ஆகவே இன்ஜெக்‌ஷனுக்கென்றே செய்த ஹோஸையும் கிளிப்பையும் தவிர வேறெதையும் உபயோகிக்கக் கூடாது. நவீன டீசல் எஞ்சினின் இன்ஜெக்டர் குழாயில் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும். ஊசித்துளையிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும். அக்குழாயை ஒட்டுப்போட முயல்வது உயிருக்கு அபாயம். புதிதே மாட்ட வேண்டும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். எஞ்சின் ஆறிய பின், திறந்த வெளியில், பாட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றி, அருகில் தீயே இல்லாத நிலையில்தான் வேலையில் இறங்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதற்கு முன்பே பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட்டி, அழுத்தத்தை இறக்கிக்கொள்வது அவசியம். மாட்டி முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்த்து, சில நாள் ஓட்டிய பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும். புது ரப்பர் அழுந்திப் படிந்ததும் கிளிப் சற்றே தளர்ந்திருக்கும்.