மூழ்கியோரை மீட்ட இரட்டையுடற் கப்பல்

கடற்படை என்றவுடன் பீரங்கிகளும் வெற்றிக் கொடிகளும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. வரலாறும் வென்ற கப்பல்களையும் வீழ்ந்த கப்பல்களையுமே பெயர் சொல்லிப் போற்றுகிறது; மூழ்கியதை மேலே கொணர்ந்த கப்பலின் பெயரைக் கேட்பார் அரியர். இரயில்வேயிலும் இதே நிலைதான். மெயில் வண்டிகளின் பெயரைச் சிறுவரும் அறிவர். தடம்புரண்ட பெட்டிகளைத் தூக்கக் கிரேனுடன் விரையும் பிரேக்டவுன் வண்டியையோ, விபத்து நாளன்றி எவரும் நினையார். கடலில் அத்தகைய தொண்டு புரிவதற்கென்றே ருஷ்யாவில் கட்டப்பட்ட 'கொம்யூனா' என்னும் கப்பலின் வரலாற்றைச் சங்கத்து அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இக்கப்பலின் பிறப்புக்குக் காரணம் துயரமே. நீர்மூழ்கிக் கப்பல்கள் தோன்றிய தொடக்க நாட்களில் அவை பகைவரைவிடத் தம் மாலுமிகளையே மிகுதியாக அச்சுறுத்தின. 1904ஆம் ஆண்டில் நேவா ஆற்றிலே 'டெல்பின்' என்னும் ருஷ்ய நீர்மூழ்கி பயிற்சியின்போது மூழ்கி, இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1909இல் கருங்கடலில், செவஸ்தபோல் துறைமுகத்தின் அருகே, 'கம்பாலா' என்னும் நீர்மூழ்கி இரவுப் பயிற்சியில் தன் நாட்டுப் போர்க்கப்பலாகிய 'ரஸ்திஸ்லாவ்' மீதே மோதுண்டு, 20 உயிர்களுடன் அடியாழத்தில் வீழ்ந்தது. மனிதரை நீருக்கடியில் அனுப்பும் அரசுக்கு அவர்களை மீட்டுக் கொணரும் கருவியும் வேண்டும் என்னும் உண்மை அப்பொழுது உறைத்தது. ஜெர்மானியர் முன்னரே 'வுல்கான்' என்றொரு மீட்புக் கப்பலைக் கட்டியிருந்தனர். அம்முறையைத் தழுவி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துப் புத்திலோவ் தொழிற்சாலையில் 1912இல் பணி தொடங்கிற்று. 1915இல் 'வோல்கோவ்' என்னும் ஆற்றுப் பெயருடன் கப்பல் சேவையில் சேர்ந்தது. புரட்சிக்குப்பின், 1922ஆம் ஆண்டின் இறுதியில், 'கொம்யூனா' எனப் பெயர் மாற்றப்பெற்றது.

இதற்கு இரண்டு உடல்கள் ஏன்? ஒற்றை உடற் கப்பல் தன் பக்கவாட்டில் பெருஞ்சுமையைத் தூக்கினால் அப்பக்கமே சாய்ந்துவிடும். இரண்டு உடல்களை இடைவெளிவிட்டு இணையாக நிறுத்தி, மேலே வளைந்த எஃகுச் சட்டங்களால் பிணைத்துவிட்டால், நடுவிலே தூக்கும் சுமையை இரண்டும் சரிபாதியாகத் தாங்கும். முக்குளிப்போர் ஆழத்தில் இறங்கி, மூழ்கிய கலத்தின் அடியில் எஃகு வடங்களைச் செலுத்துவர். பின்னர் அக்கலம் இரு உடல்களுக்கும் இடையே, காவடியில் தொங்கும் சுமைபோல மெல்ல மெல்ல மேலெழும். இவ்வாறு 1000 டன் எடையைத் தூக்குமாறு இக்கப்பல் அமைக்கப்பட்டது. பழைய நாளில் ஒரு சரக்கு இரயில் முழுவதும் ஏற்றிச் சென்ற சுமை அது!

இத்தகைய இரட்டையுடற் கலங்களை உலகத்தார் 'கட்டமரான்' என்கின்றனர். நம் கட்டுமரமே அச்சொல்லின் மூலம் என்பது நமக்குப் பெருமைதான். ஆயினும் நம் பரதவர் செலுத்தியது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. இரண்டு உடல்களைப் பிணைத்துக் கடல் கடந்த கலையோ பசிபிக் தீவினருடையது. பெயர் நம்முடையது, வடிவம் அவர்களுடையது. உரியது உரியவர்க்கு என்று கூறுவதே நமக்கு அழகு.

கொம்யூனாவின் வரலாற்றில் என் நெஞ்சைத் தொட்ட நிகழ்ச்சி 1928இல் நடந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1919 ஜூன் மாதத்தில், ருஷ்ய உள்நாட்டுப் போரில் தலையிட்ட பிரிட்டிஷ் கடற்படையின் 'எல்-55' என்னும் நீர்மூழ்கி பின்லாந்து வளைகுடாவில் அழிந்தது. அதிலிருந்த 42 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 1928 ஆகஸ்டில் கொம்யூனா அக்கலத்தைக் கடலடியினின்று தூக்கியது. உள்ளே 34 பேரின் உடல்கள் கிடைத்தன.

அவர்கள் யார்? படையெடுத்து வந்த பகைவர். அன்றைக்கு இலண்டனுக்கும் மாஸ்கோவுக்கும் தூதரக உறவுகூட இல்லை. முந்திய ஆண்டிலேயே அது முறிந்திருந்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் தம் கடலுக்குள் வருவதற்குச் சோவியத் அரசு இசையவில்லை. எனினும் உடல்களை மறுக்கவில்லை. வணிகக் கப்பல் ஒன்று அவற்றை ஏற்றிச் சென்று, 'சாம்பியன்' என்னும் பிரிட்டிஷ் கப்பலிடம் ஒப்படைத்தது. அவ்வீரர்கள் தம் தாய்மண்ணில் அடக்கம் பெற்றனர். ஒன்பது ஆண்டுகள் கல்லறையின்றித் தவித்த தாய்மார்க்கும் மனைவியர்க்கும் இது எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும்! அரசுகள் பேச மறுத்த காலத்தில் ஒரு மீட்புக் கப்பலின் வடங்கள் மனிதத் தன்மையையும் சேர்த்து மேலே தூக்கின என்பேன். அதே வேளையில் சோவியத் பொறியாளர் எல்-55ஐப் பழுதுபார்த்துத் தம் படையில் சேர்த்துக்கொண்டு, அதன் அமைப்பிலிருந்து பாடமும் கற்றனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. கருணையும் போர்க்கணக்கும் ஒரே படகில் சென்றன.

இரண்டாம் உலகப்போரில் லெனின்கிராட் நகரம் முற்றுகையிடப்பட்டபொழுது கொம்யூனா அங்கேயே இருந்தது. லதோகா ஏரியின் உறைபனி மீது உணவேற்றி வந்த வண்டிகள் பனி உடைந்து மூழ்கின. அவ்வாறு மூழ்கிய வண்டிகளை 1942இல் இக்கப்பலின் பணியாளர் மீட்டனர். 1967இல் இது பால்டிக் கடலினின்று ஐரோப்பாவைச் சுற்றிக் கருங்கடலுக்கு வந்து, பின்னர் ஆழ்கடலில் இறங்கும் சிறு கலங்களைச் சுமக்கும் தாய்க்கப்பலாயிற்று.

இதன் குறைபாட்டையும் கூறவேண்டும். முழுக் கலத்தையும் தூக்குவதற்கு நெடுநாள் பிடிக்கும். உள்ளே மூச்சுக்குத் தவிப்போர் அதுவரை தாங்கார். ஆகவே பிற்காலத்தார், கலத்தை விட்டு மனிதரை மட்டும் மீட்கும் வழியை நாடினர். அமெரிக்கர் 1973இல் சேவையில் சேர்த்த 'பிஜியன்', 'ஆர்ட்டலன்' என்னும் மீட்புக் கப்பல்களும் இரட்டையுடல் கொண்டவையே. மனிதரை ஏற்றிவரும் சிறு மீட்புக் கலத்தை அவை இரு உடல்களுக்கும் இடையே இறக்கி ஏற்றின. 1990களில் அவை ஓய்வு பெற்றன. அவற்றினும் மூத்த கொம்யூனாவோ அதன் பின்னரும் பணியில் நீடித்தது.

2024 ஏப்ரலில் செவஸ்தபோலில் இக்கப்பலைத் தாக்கியதாக உக்ரைன் அறிவித்தது. எந்தத் துறைமுகத்தருகே மாண்ட மாலுமிகளின் துயரம் இதன் பிறப்புக்குக் காரணமாயிற்றோ, அங்கேயே முதுமையில் இதனைப் போர் தேடி வந்தது. மீட்கும் கப்பலும் போர்ப்படையின் உறுப்பே. அப்பழியினின்று அது தப்ப இயலாது. எனினும் ஒரு நாட்டின் கடற்படையை அளக்க விரும்புவோர், அதன் பீரங்கிகளை எண்ணியபின், ஆழத்தில் வீழ்ந்த தன் மக்களைத் தேடி அது எதனை அனுப்பும் என்றும் கேட்பாராக.