அவலோகிதனும் கேனனும்

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் சேலத்துச் சாலை பிரிகின்ற உளுந்தூர்பேட்டையில், முகூர்த்த நாளன்று மணமேடைக்கு முன் நிற்பவரின் கழுத்தில் தொங்கும் கருவியைக் கேமரா என்று சொல்வதோடு அமையாமல், ‘கேனனா, நிக்கானா?’ என்று அதன் குலத்தையும் விசாரிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கேமராவின் பூர்வகதை எளிது. வளைந்த கூரையைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீனில் அறையென்று பொருள்பட்டு, சிறு துளை வழியே வெளியுலகம் தலைகீழாக வந்து விழும் இருட்டறைக்குப் பெயராகி, அவ்வறை கைக்கடக்கமான பெட்டியாகச் சுருங்கிய பின்னும் அதனை விட்டு நீங்காது நின்றது. கேனனின் கதையோ இதனினும் சுவையுடையது.

1933 நவம்பரில் டோக்கியோவின் ரொப்போங்கியில், ஒரு கட்டடத்தின் மாடியறையில், நுண்ணிய ஒளியியல் கருவிகளின் ஆய்வகம் என்று பொருள்படும் பெரிய பெயரோடு மிகச் சிறிய பட்டறையொன்று தோன்றிற்று. முதல்தர வங்கியில் புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு மாதச் சம்பளம் 70 யென்னாயிருக்க, ஜெர்மானிய லைக்கா 420 யென் விலை பெற்ற அக்காலத்தில், அதற்கு நிகரானதொன்றை ஜப்பானிலேயே செய்துவிட வேண்டுமென்பது கோரோ யோஷிதா, சபுரோ உச்சிதா முதலியோரின் சங்கற்பம். யோஷிதா, கன்னொன் என்னும் தெய்வத்தின் உபாசகர். ஆதலின் 1934இல் உருவான மாதிரிக்குக் ‘குவானன்’ என்றும், அதன் வில்லைக்குப் புத்தரின் சீடரான மகாகாசியபரை நினைந்து ‘காசியப’ என்றும் நாமகரணம் செய்தார். ஆயிரங்கைக் கன்னொன் வடிவமே இலச்சினையும் ஆயிற்று.

கன்னொன் வேறு யாருமல்லர். துன்புறும் உயிர்களைக் கருணையோடு நோக்குகின்ற அவலோகிதேசுவரரே. அப்பெயர் சீனத்துக்குச் சென்றபோது, ஈற்றை ஈசுவரன் என்னாது ‘ஸ்வரம்’ எனக் கொண்ட பழைய பாடத்தின்படி, உலகின் ஓசையை நோக்குபவர் என்ற கருத்தில் குவான்யின் என மொழிபெயர்க்கப்பட்டது; அதன் ஜப்பானிய உச்சரிப்பே முன்னாளில் குவன்னொன், இந்நாளில் கன்னொன். சைவர்கள் சிவபெருமானுக்கும் முருகனுக்கும் உரியதாக்கும் ஆசிரிய ஸ்தானத்தை இந்த அவலோகிதனுக்கு அளித்து, அகத்தியர் தமிழ் கேட்டது இவனிடத்திலேதான் என்று, 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரர் துணிந்து உரைத்தார். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலத்துச் சாலையிலே சென்று, தலைவாசலுக்கு அருகே தியாகனூரில் அமர்ந்திருக்கும் பெரிய கற்புத்தர்களைக் காண்போர், அந்தச் சமயம் இவ்வட்டாரத்துக்கு அந்நியமன்று என்பதை உணர்வர்.

இவ்வளவு சம்பந்தம் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கேனன் நம் சொல்லே என்று அபிமானத்தால் முழங்குதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. முதற் கண்ணியில் பொருள் கடல் கடந்தது, ஒலி கடக்கவில்லை. அடுத்த கண்ணியில் நிகழ்ந்ததோ நேர்மாறு. 1935இல் வியாபாரக்குறியைப் பதிவு செய்ய முற்பட்டபோது, உலகச் சந்தைக்கு ஏற்றதெனக் கருதி, குவானனுக்கு ஒலியால் மட்டும் நெருங்கியதும், அளவுகோல், பிரமாணம், மறைநூல் என்றெல்லாம் பொருள்படுவதும், கிரேக்கத்தில் பிறந்ததுமாகிய கேனன் என்ற வேற்றுச் சொல்லைத் தேர்ந்தனர். ஒலி தங்கிற்று, கருணை போயிற்று. பெயர் வைத்த யோஷிதாவும் அதற்கு முன்பே, 1934இலேயே, விலகிவிட்டார்.

குவானன் கடைக்கு வரவேயில்லை. 1936 பிப்ரவரியில் வந்தது ஹன்ஸா கேனன். ஹன்ஸா என்பது அதனை விற்ற ஓமியா நிறுவனத்தின் குறி. அங்கே ஹம்ஸத்தைத் தேட வேண்டுவதில்லை. அதன் வில்லையைச் செய்து கொடுத்தது, பிற்காலத்தில் நிக்கான் எனப் பிரசித்தி பெற்ற நிப்பான் கோகாகு. எனவே கேனனா நிக்கானா என்ற கேள்விக்கு அந்த முதற் கருவியைப் பொறுத்தவரை இரண்டும் என்பதே விடை. 1947இல் நிறுவனம் தன் பெயரையே கேனன் கேமரா கம்பெனி என மாற்றிக்கொண்டது. 1969இல் அதிலிருந்து ‘கேமரா’ என்ற சொல்லையும் நீக்கிவிட்டது.